12 விசையில் தமிழும் மலையாளமும்: கூட்டு கீபோர்டு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாடு, கேரள எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் டைப்பிங் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு மொழி போதாது. காலையில் தமிழில் கல்யாணப் பத்திரிகை வரும், மதியம் மலையாளத்தில் பஞ்சாயத்துக்கு ஒரு மனு வரும். என் மேஜையில் இருக்கும் 12 விசைப் பலகையைப் பார்த்துவிட்டு டிடிபி கடைக்காரர்களும் அக்ஷயா மையத்துப் (கேரளத்தின் இ-சேவை மையம்) பிள்ளைகளும் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கூட்டு கீபோர்டு என்றால் என்ன?

சாதாரண கீபோர்டில் ஒரு விசைக்கு ஒரு எழுத்து. இதில் பல விசைகளை ஒரே நேரத்தில் சேர்த்து அமுக்கினால் ஒரு எழுத்து. புல்லாங்குழலில் துளைகள் கொஞ்சம்தான், எந்தெந்தத் துளையை மூடுகிறோம் என்பதை வைத்துச் சுரம் மாறுகிறது இல்லையா, அதே கதைதான். விரல் இடம் மாறிப் போக வேண்டியதில்லை. ஒவ்வொரு விரலும் தன் விசை மேலேயே இருக்கும், அமுக்கும் அல்லது சும்மா இருக்கும்.

இது புதுச் சரக்கு இல்லை. நீதிமன்றங்களில் பேசப் பேச எழுதும் ஸ்டெனோ இயந்திரம் இந்த வகைதான். பார்வையற்றோருக்கான பெர்கின்ஸ் பிரெய்லர் 1951-ல் வந்தது. ஆறு விசை, ஒரு இடைவெளி விசை. கணினிக்கு மவுஸ் கொண்டுவந்த டக்ளஸ் எங்கல்பார்ட், 1968 டிசம்பர் 9 அன்று சான்பிரான்சிஸ்கோவில் செய்து காட்டிய புகழ்பெற்ற விளக்கத்தில் வலது கையில் மவுஸ், இடது கையில் ஐந்து விசைப் பலகை வைத்திருந்தார். மவுஸ் உலகம் முழுக்கப் போனது, ஐந்து விசைப் பலகை அப்படியே நின்றுவிட்டது.

ஆங்கிலத்துக்குச் செய்தது தமிழுக்கு ஒத்து வருமா?

என்னைக் கேட்டால் ஆங்கிலத்தைவிடத் தமிழுக்குத்தான் இது நன்றாகப் பொருந்துகிறது. இந்தப் பக்கத்தை எழுதுவதற்கே அதுதான் காரணம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஐந்து விசைகளை எத்தனை விதமாகச் சேர்த்து அமுக்கலாம்? 31. தமிழில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. கூட்டினால் அதுவும் 31. ஒரு கை விரல்களிலேயே தமிழின் முதலெழுத்தும் ஆய்தமும் மிச்சமில்லாமல் அடங்கிவிடுகின்றன.

அதைவிடப் பெரிய விஷயம் உயிர்மெய். நாம் எழுதுவதில் பெரும்பகுதி மெய்யும் உயிரும் சேர்ந்த எழுத்துதான். ஆனால் சாதாரண கீபோர்டில் 'கி' அடிக்க க ஒரு தட்டு, இ ஒரு தட்டு. இரண்டு கைக்கும் வேலையைப் பிரித்துக் கொடுத்து, வலது கை மெய்யையும் இடது கை உயிரையும் ஒரே நேரத்தில் அமுக்கினால் 'கி' ஒரே அமுக்கில் விழும். 247 எழுத்துக்கும் இது செல்லும். நாம் தாளில் எழுதுகிற எழுத்தும் விரல் அமுக்குவதும் ஒன்றாகிவிடுகிறது.

எங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். கொ, ழி, ஞ், சா, ம், பா, றை: ஏழு அமுக்கு. இன்ஸ்கிரிப்ட் என்ற விசையமைப்பில் இதற்கு 14 தட்டு, அதில் மூன்றுக்கு ஷிப்ட் வேண்டும். தமிழ்99 என்ற இன்னொரு விசையமைப்பில் 12 தட்டு. தமிழ்99 தானாகப் புள்ளி வைத்துக் கொடுப்பதால் அங்கே கொஞ்சம் மிச்சம், அதையும் சொல்லியாக வேண்டும்.

எந்த விரலுக்கு எந்த எழுத்து?

நான் பயன்படுத்தும் அமைப்பைச் சொல்கிறேன். இலக்கண வகுப்பில் படித்ததையே விரலுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறேன், அதனால் மனப்பாடம் குறைவு.

வலது கை: ஆள்காட்டி விரல் க, நடுவிரல் த, மோதிர விரல் ப, சுண்டு விரல் ட. ஆள்காட்டியும் நடுவும் சேர்ந்தால் ற. மோதிரமும் சுண்டும் சேர்ந்தால் ச. வல்லினம் ஆறும் முடிந்தது. இப்போது கட்டைவிரலைச் சேர்த்தால் அந்தந்த வல்லினத்துக்கு இனமான மெல்லினம் வரும்: க-வோடு கட்டைவிரல் ங, ச-வோடு ஞ, ட-வோடு ண, த-வோடு ந, ப-வோடு ம, ற-வோடு ன. மெல்லினத்தைத் தனியாகப் படிக்கவே வேண்டாம். 'பந்து', 'கம்பு', 'கன்று' போன்ற சொற்களில் அதே விரல் இரண்டு முறை இறங்குகிறது. முதல் தடவை மட்டும் வலது கட்டைவிரல் கூட வருகிறது.

இடையினம்: நடுவும் மோதிரமும் ர. ஆள்காட்டியும் மோதிரமும் ல. ஆள்காட்டியும் சுண்டும் வ. நடுவும் சுண்டும் ய. ஆள்காட்டி, நடு, மோதிரம் மூன்றும் ழ. நடு, மோதிரம், சுண்டு மூன்றும் ள. கட்டைவிரலை மட்டும் அமுக்கினால் இடைவெளி. நான்கு விரலையும் ஒன்றாக இறக்கினால் அழிப்பு. கட்டைவிரல் சேராமல் மிச்சம் இருக்கும் இரண்டு சேர்க்கைகளில் ஒன்று என்டர், இன்னொன்று ஆய்தம். ர, ல, வ ஆகியவற்றோடு கட்டைவிரல் சேர்ந்தால் ஸ, ஷ, ஹ.

இடது கை: எதுவும் அமுக்காவிட்டால் மெய்யோடு அகரம், அதாவது க. ஆள்காட்டி இ, நடு உ, மோதிரம் எ, சுண்டு ஒ. கட்டைவிரல் சேர்ந்தால் நெடில். கட்டைவிரல் தனியாக என்றால் ஆ. நடுவும் மோதிரமும் ஐ, மோதிரமும் சுண்டும் ஔ. ஆள்காட்டியும் நடுவும் புள்ளி. வலது கை சும்மா இருக்கும்போது இடது கையை மட்டும் அமுக்கினால் தனி உயிர் வரும். புள்ளி தனியாக எங்கும் வராது என்பதால் அந்தச் சேர்க்கையைத் தனியாக அமுக்கினால் அ.

ஆக வலது கட்டைவிரல் மெல்லினம், இடது கட்டைவிரல் நெடில். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

பத்து விசைதானே ஆயிற்று, 12 எதற்கு?

மலையாளத்துக்கு. அங்கே க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் நான்கு எழுத்து (க-வுக்கு ക, ഖ, ഗ, ഘ). அதற்காக ஒவ்வொரு கட்டைவிரலுக்கும் கீழே இன்னொரு விசை. வலது கீழ்விசை சேர்ந்தால் அந்த நான்கில் இரண்டாம் எழுத்து, இடது கீழ்விசை சேர்ந்தால் மூன்றாம் எழுத்து, இரண்டும் சேர்ந்தால் நான்காம் எழுத்து. தமிழில் ஜ எழுதவும் இதே வழிதான்: ச-வோடு இடது கீழ்விசை.

இடது கட்டைவிரலுக்கான மேல்விசையையும் கீழ்விசையையும் இடைவெளி இல்லாமல் ஒட்டி வையுங்கள். மூன்றாம் எழுத்தோடு நெடில் வரும்போது கட்டைவிரலை இரண்டுக்கும் நடுவே வைத்து இரண்டையும் ஒன்றாக அமுக்க வேண்டியிருக்கும்.

மலையாளத்துக்கு வேறு விரலமைப்பு படிக்க வேண்டுமா?

வேண்டாம். எல்லை ஊர்க்காரர்களுக்கு இதில் கிடைக்கும் பெரிய லாபமே இதுதான். இன்ஸ்கிரிப்ட் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுக்கப்பட்ட விசையமைப்பு. தமிழ் க எந்த விசையில் இருக்கிறதோ மலையாள க-வும் அதே விசையில்தான். அதனால் நம் பலகை இன்ஸ்கிரிப்ட் தட்டுகளை அனுப்பும்படி வைத்துவிட்டால் போதும். கணினியில் மொழியைத் தமிழிலிருந்து மலையாளத்துக்கு மாற்றினால், அதே விரல் அதே எழுத்தை மலையாளத்தில் போடும்.

சில இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். மலையாளத்தில் அடிக்கும்போது ந, ன இரண்டுக்கும் ந சேர்க்கையையே பயன்படுத்துங்கள். ன், ல், ர், ள், ண் என்ற சில்லெழுத்துகளுக்கு (உயிர் சேராமல் தனி வடிவில் எழுதும் மெய்கள்), கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் 2008-ல்தான் தனி இடம் கிடைத்தது. பழைய இன்ஸ்கிரிப்ட் மென்பொருள் அவற்றை மெய், சந்திரக்கலை (மலையாளத்தின் புள்ளி), கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக்குறி என்று மூன்றாக அனுப்பும். உங்கள் கணினியில் ஒரு சில்லெழுத்தை அடித்துப் பார்த்து, அது எந்த வகை என்று தெரிந்த பிறகு பலகையில் அதற்கு ஒரு சேர்க்கை ஒதுக்குங்கள். இடது ஆள்காட்டியும் சுண்டும் காலியாக இருக்கிறது, அதில் வைக்கலாம்.

கடையில் ரெடிமேடாக வாங்க முடியாதா?

ட்விட்லர், கேராகார்டர் என்று வெளிநாட்டுச் சாதனங்கள் இருக்கின்றன. நல்ல சாதனங்கள்தான், ஆனால் விலை அதிகம், அமைப்பும் ஆங்கிலச் சொற்களை மனதில் வைத்துச் செய்தது. ஸ்டெனோவுக்கு ப்ளோவர் என்ற இலவச மென்பொருள் உண்டு, அதன் அகராதியும் ஆங்கிலத்துக்கானது. தமிழ் அடிக்கத்தான் வேண்டும் என்றால் நாமே செய்வது நல்லது. சாலிடரிங் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் ஒரு நாள் வேலை.

என் பழைய கீபோர்டிலேயே முயன்று பார்க்கலாமா?

நோட்பேடைத் திறந்து ஏ, எஸ், டி, எஃப், ஜே, கே, எல் ஏழையும் ஒன்றாக அமுக்கிப் பாருங்கள். ஏழு எழுத்தும் திரையில் வந்தால் முயலலாம். விலை குறைந்த கீபோர்டுகள் பலவற்றில் மூன்று நான்குக்கு மேல் போனால் சில எழுத்துகள் காணாமல் போகும். அதில் பழகினால் தப்பு உங்கள் விரலில் இருக்கிறதா கீபோர்டில் இருக்கிறதா என்றே தெரியாது.

செய்ய என்னென்ன வேண்டும்?

ராஸ்பெர்ரி பை பிகோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டு ஒன்று, மெக்கானிக்கல் கீபோர்டு ஸ்விட்ச் 12, அதற்கான மூடிகள், கொஞ்சம் மெல்லிய ஒயர், டேட்டா போகும் யூஎஸ்பி கேபிள். சார்ஜ் மட்டும் ஆகும் கேபிளை வைத்துக்கொண்டு போர்டைக் குறை சொல்பவர்கள் நிறைய, முதலில் அதைப் பாருங்கள். பாகங்களுக்குக் கோயம்புத்தூர் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் போதும், ஸ்விட்சை மட்டும் ஆன்லைனில் வாங்க வேண்டி வரலாம்.

ஸ்விட்ச் லேசானதாக இருக்க வேண்டும். ஒரு அமுக்கில் ஐந்தாறு விசை இறங்கும்போது ஸ்பிரிங்கின் கனம் அத்தனை மடங்கு ஆகிறது. டிக் டிக் என்று சத்தம் வரும் வகை வேண்டாம். வழுக்கிக்கொண்டு இறங்கும் லீனியர் வகை எடுங்கள்.

விசைகளை எங்கே வைப்பது?

ஸ்கேல் வைத்து வரிசையாகக் கோடு போடாதீர்கள். ஒரு அட்டையில் கையைத் தளர்வாக வையுங்கள். மேஜையில் கை ஊன்றி யாரிடமோ பேசிக்கொண்டிருக்கும்போது விரல் எப்படி வளைந்திருக்குமோ அப்படி. இப்போது ஒவ்வொரு விரல்நுனியும் தொடும் இடத்தில் பேனாவால் புள்ளி வையுங்கள். நடுவிரல் புள்ளி மேலே போயிருக்கும், சுண்டு விரல் புள்ளி நன்றாகக் கீழே இறங்கியிருக்கும், கட்டைவிரல் பக்கவாட்டில் இருக்கும். அந்தப் புள்ளிதான் விசையின் நடு. இன்னொரு கைக்கும் தனியாக வரையுங்கள், ஒன்றைத் திருப்பிப் போட்டு ஒப்பேற்ற வேண்டாம். பலருக்கு இரண்டு கையும் ஒரே அளவில் இருப்பதில்லை.

ஒவ்வொரு புள்ளியையும் நடுவாக வைத்து 14 மில்லிமீட்டர் சதுரத் துளை வெட்டினால் ஸ்விட்ச் கச்சிதமாக உட்காரும். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் பிளாஸ்டிக் ஸ்விட்ச் பெட்டியின் மூடி இதற்கு அருமையாக இருக்கும். இரண்டு கைக்கும் இரண்டு பெட்டி வைத்து, தோள் அகலத்துக்குத் தள்ளி வைத்தால் மணிக்கட்டு திரும்பாது.

ஒயரிங் கஷ்டமா?

இல்லை. ஸ்விட்சின் ஒரு காலை பிகோவின் ஒரு ஜிபிஐஓ பின்னுக்கும் (சிக்னல் வாங்கும் கால்), இன்னொரு காலை கிரவுண்டுக்கும் கொடுங்கள். கிரவுண்டு எல்லாவற்றுக்கும் பொது. 12 விசைக்கு 12 பின், பிகோவில் 26 இருக்கிறது. டயோடு வேண்டாம், ரெசிஸ்டரும் வேண்டாம். அந்த வேலையைச் செய்யும் புல்அப் ரெசிஸ்டர் சிப்புக்குள்ளேயே இருக்கிறது.

மென்பொருள்?

பிகோவில் பூட்செல் என்ற பட்டனை அமுக்கிப் பிடித்தபடி யூஎஸ்பியைச் செருகினால் அது பென் டிரைவ் மாதிரித் திரையில் வரும். பைத்தான் நிரலை பிகோவில் ஓட்டும் சர்க்யூட்பைத்தானின் யூஎஃப்2 கோப்பை அதில் போட்டால் மறுபடி தொடங்கி வேறு பெயரில் டிரைவாகத் தெரியும். அதற்குப் பிறகு எல்லாம் அந்த டிரைவில் இருக்கும் ஒரு பைத்தான் கோப்பைத் திருத்தும் வேலைதான். கீபேட் என்ற தொகுப்பு விசை இறங்குவதையும் எழுவதையும் சொல்லும், அடாஃப்ரூட் எச்ஐடி தொகுப்பு கணினிக்குத் தட்டுகளை அனுப்பும்.

நிரல் செய்ய வேண்டியது: இறங்கும் விசைகளை எல்லாம் ஒரு பட்டியலில் சேர்க்க வேண்டும். கடைசி விசையும் எழுந்தவுடன் பட்டியலை இடது, வலது என்று பிரிக்க வேண்டும்; இடது கீழ்விசை மட்டும் வலதோடு சேரும். வலது அட்டவணையில் மெய்யைத் தேடி அனுப்பி, அதன் பிறகு இடது அட்டவணையில் உயிர்க்குறியைத் தேடி அனுப்ப வேண்டும். பட்டியலைக் காலி செய்ய வேண்டும். 247 வரி எழுத வேண்டியதில்லை. மெய்க்கு ஒரு அட்டவணை, உயிர்க்குறிக்கு ஒன்று, தனி உயிருக்கு ஒன்று, அவ்வளவுதான்.

சிலர் க்யூஎம்கே என்ற கீபோர்டு மென்பொருளின் காம்போ வசதியைச் சொல்வார்கள். அதில் விசைகள் எல்லாம் குறிப்பிட்ட நேரத்துக்குள் இறங்க வேண்டும். வழக்கமாக 50 மில்லிசெகண்ட். கை பழகியவர்களுக்கு அது சரி. புதிதாகப் பழகுபவருக்கு, எல்லா விரலும் எழுந்த பிறகு எழுத்து விழும் முறைதான் நல்லது. நிதானமாக ஒவ்வொரு விரலாக இறக்கிச் சரிபார்த்துவிட்டுக் கையை எடுக்கலாம்.

வாடிக்கையாளர் கணினியில் ஏதாவது இன்ஸ்டால் செய்ய வேண்டுமா?

வேண்டாம். கணினிக்கு இது சாதாரண யூஎஸ்பி கீபோர்டு. மொழி அமைப்பில் தமிழ், மலையாளம் இரண்டுக்கும் இன்ஸ்கிரிப்ட் வகையைச் சேர்த்திருந்தால் போதும்.

பேஜ்மேக்கரில் வேலை செய்யுமா?

பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் பத்திரிகை அடிக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன, மலையாளப் பக்கமும் அப்படித்தான். யூனிகோடில் அடித்து, எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்து ஒட்டலாம். ஒட்டிய பிறகு ஒருமுறை வாசித்துப் பாருங்கள், ொ, ோ, ௌ வரும் இடங்களை முக்கியமாக.

எப்படிப் பழகுவது?

படத்தை எதிரே மாட்டிக்கொண்டு எல்லா எழுத்தையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். முதலில் வலது கையில் க, த, ப, ட நான்கும், இடது கையில் ஆ-வும் புள்ளியும் மட்டும். இதை வைத்தே தாத்தா, பாப்பா, காக்கா, அப்பா, அக்கா எல்லாம் அடிக்கலாம். தமிழில் ஒற்று இரட்டிப்பது நிறைய என்பதால் புள்ளிச் சேர்க்கை முதல் நாளே கையில் உட்கார்ந்துவிடும். 'தாத்தா'வைக் கவனியுங்கள்: வலது நடுவிரல் மூன்று முறையும் ஒரே இடத்தில் இறங்குகிறது, இடது கை மட்டும் கட்டைவிரல், ஆள்காட்டியும் நடுவும், மறுபடி கட்டைவிரல் என்று மாறுகிறது.

அப்புறம் வலது கட்டைவிரலைச் சேர்த்து மெல்லினம். இது வந்தவுடன் பக்கம், பாடம், பட்டம், தங்கம் என்று சொற்கள் கொட்டும். அடுத்து இ, உ. அதற்குப் பிறகுதான் இடையினம். ழ, ள கடைசியில்.

பயிற்சிக்குப் பஸ் போர்டைவிட நல்ல பாடம் கிடையாது. முதலமடை, தத்தமங்கலம், வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம், பொள்ளாச்சி, பாலக்காடு. எல்லாம் வாயில் ஏற்கெனவே பழகிய பெயர்கள், எழுத்து பிரித்து யோசிக்க வேண்டியதில்லை. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடியுங்கள். ஒரு எழுத்துக்கு ஒரு அமுக்கு. அதே பெயர்களை மொழி மாற்றி மலையாளத்திலும் அடித்துப் பாருங்கள்.

தினமும் கால் மணி நேரம், இருபது நிமிடம் போதும். கை வலிக்கும் வரை உட்கார வேண்டாம். வேகத்தைப் பார்க்காதீர்கள், கீழே பார்க்காமல் அடிக்கிறோமா என்று மட்டும் பாருங்கள்.

தப்பான எழுத்து ஏன் இப்படி விழுகிறது?

அனேகமாக ஒரு விரல் எழத் தாமதிக்கிறது. முந்தைய அமுக்கின் சுண்டு விரல் எழுவதற்குள் அடுத்ததைத் தொடங்கினால் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து வேறு எழுத்தாகிவிடும். அமுக்குவதில் அவசரம் வேண்டாம், எடுப்பதில் சுறுசுறுப்பு வேண்டும். தப்பு விழுந்தால் நான்கு விரலையும் இறக்கி அழித்துவிட்டு அந்த எழுத்தை மறுபடி அடியுங்கள். வரியின் தொடக்கத்துக்குப் போக வேண்டாம்.

எவ்வளவு வேகம் வரும்?

ட்விட்லர் என்ற ஒற்றைக் கைக் கூட்டு கீபோர்டை வைத்து அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு 2004-ல் வெளியானது. பத்துப் பேர், 20 அமர்வு, ஒவ்வொன்றிலும் 20 நிமிடம் கூட்டு கீபோர்டு, 20 நிமிடம் பழைய செல்போன் முறை. முதலில் செல்போன் முறையே முந்தியது, எட்டாவது அமர்வில் கூட்டு கீபோர்டு முந்தியது. பயிற்சியைத் தொடர்ந்தவர்கள் சுமார் 25 மணி நேரத்தில் நிமிடத்துக்குச் சராசரி 47 சொல்லை எட்டினார்கள். ஆங்கிலம், அதுவும் ஒரு கையில். முதல் சில நாட்கள் ஆமை வேகம்தான், கடை வேலையைப் பழைய கீபோர்டிலேயே செய்துகொண்டு இதைத் தனியாகப் பழகுங்கள்.

லோயர், ஹையர் பரீட்சைக்கு உதவுமா?

உதவாது. தமிழ்நாடு தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்தும் அந்தப் பரீட்சைக்கு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்தான் வழி. பரீட்சை முடிந்த பிறகு வாருங்கள்.

ஒரு கைதான் வேலை செய்கிறது. எனக்கு ஆகுமா?

ஆகும். ஐந்து விசை மட்டும் வைத்து 31 சேர்க்கைகளையும் 31 எழுத்துக்குக் கொடுங்கள். மெய் ஒரு அமுக்கு, உயிர் அடுத்த அமுக்கு. இடைவெளிக்கும் அழிப்புக்கும் கட்டைவிரல் பக்கத்தில் இரண்டு விசை கூடுதலாக வையுங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு கீபோர்டு முழுக்க ஒரே கையை இழுத்து இழுத்து அடிப்பவர்கள் தோளையும் கெடுத்துக்கொள்கிறார்கள்; அவர்கள் வீட்டில் யாராவது இதைச் செய்து கொடுக்க வேண்டும் என்று உண்மையிலேயே ஆசைப்படுகிறேன்.

பார்வை இல்லாதவர் கேட்டால் பதில் வேறு. பாரதி பிரெய்ல் தெரிந்தவருக்குப் புதிதாக எதையும் படிக்கக் கொடுக்காதீர்கள். அதில் தமிழ் க-வுக்கும் மலையாள க-வுக்கும் ஒரே புள்ளிகள்தான், அந்த ஆறு விசை முறையையே இதே பிகோவில் அமைத்துக் கொடுக்கலாம்.

எண்களும் நிறுத்தக்குறிகளும்?

தனியாக ஒரு யூஎஸ்பி நம்பர் பேட் வாங்கிப் பக்கத்தில் வையுங்கள். மனுவில் ஆதார் எண், சர்வே எண், போன் நம்பர் என்று எண்களாகவே வரும், அதற்குச் சேர்க்கை படிப்பது வீண் வேலை. முற்றுப்புள்ளிக்கும் காற்புள்ளிக்கும் மட்டும் மீதமுள்ள சேர்க்கைகளில் இரண்டைக் கொடுத்தால் போதும்.

உங்கள் அமைப்பை மாற்றிக்கொள்ளலாமா?

தாராளமாக. சுண்டு விரல் பலவீனமாக இருந்தால் ட-வையும் வ-வையும் வேறு இடத்துக்கு மாற்றுங்கள். அட்டவணையில் ஒரு வரியைத் திருத்திச் சேமித்தால் பலகை தானாகவே மறுபடி தொடங்கிப் புது அமைப்பில் வேலை செய்யும். கட்டைவிரல் இரண்டின் வேலையை மட்டும் மாற்ற வேண்டாம், மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது. மாற்றங்களைப் பயிற்சியின் தொடக்கத்திலேயே செய்து முடித்துவிடுங்கள். இடையினம் வரை வந்த பிறகு மாற்றினால் விரல் பழைய இடத்துக்கே போகும்.